மாதிரி ஒன்று முதல் ஐந்து வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கார் எங்கள் வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதை நான் கெடுத்து ஏழு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. முதல் கணக்கு எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது எனக்கு மட்டும்.

நான் இடித்துக் கெடுக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டி இடித்திருந்தால் ஒரு கெத்தாவது இருந்திருக்கும். சும்மா நின்றுகொண்டிருந்த காரை, அதைப் பாதுகாக்க நல்ல கவர் தேடும் வேலையில், கையால் தேய்த்துக் கெடுத்தேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துநர். ஓய்வு பெற்ற மறு மாதம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். "இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே ஊரைச் சுத்தினேன். இனிமே உக்காந்து சுத்தப்போறேன்" என்றார். ஒன்பது வயதான ஒரு காரை வாங்கினார். விற்றவர் அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். கருநீலம். பானட்டில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். அப்பா தினமும் குனிந்து பார்த்தார். கிளம்பும்போது தனக்குத் தானே "ரைட்" சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

எங்கள் குடியிருப்பில் கூரை போட்ட இடங்களெல்லாம் முன்பே நிரம்பிவிட்டன. எங்களுக்குக் கிடைத்தது கடைசி இடம், ஒரு மரத்தடி. மரம் பிசின் சொட்டும். பறவைகள் தங்கள் பங்கைப் போடும். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய மண் காற்றில் எழுந்து வந்து நிதானமாகப் பானட்டில் உட்காரும்.

"ஒரு கவர் வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்றாள் அம்மா.

"எந்தக் கவர்னு இவ பாத்துச் சொல்லட்டும்" என்று அப்பா என்னைக் காட்டினார். "துணிக்கு டாக்டர் நம்ம வீட்லயே இருக்கறப்ப வெளிய எதுக்குக் கேக்கணும்?"

நான் இயற்பியல் படித்தேன். வேலை ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில். பள்ளிப் பை, குடை, சோபா உறை செய்பவர்கள் துணியை அனுப்புவார்கள். நாங்கள் அதை இழுத்து, நனைத்து, தேய்த்து, எத்தனையாவது தேய்ப்பில் நூல் அறுந்தது என்று எழுதிக் கொடுப்போம். அங்கே யாருடனும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதற்காகவே சேர்ந்தேன். துணி திருப்பிக் கேள்வி கேட்காது.

"இவகிட்ட குடுத்தீங்கன்னா கார் துருப்பிடிச்ச அப்புறம்தான் கவர் வரும்" என்றாள் தங்கை. அவள் சட்டம் படிக்கிறாள். வீட்டில் எல்லாரையும் கூண்டில் ஏற்றி வைத்துத்தான் பேசுவாள்.

அவள் கணிப்பு பெரும்பாலும் சரி. துருப் பிடிக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை சீட் கவர் கடைக்குத் தனியாகப் போனேன். கடை முழுக்க ரெக்ஸின் வாசனை. கடைக்காரர் ஸ்டியரிங்குக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: தண்ணீர் புகும் அளவு, ஆவி வெளியேறும் அளவு, வெயில் தாங்கும் நாட்கள்.

"என்ன வேணும்மா?"

வாயைத் திறந்தேன். "கவர்" என்பது மட்டும் வந்தது.

"எதுக்கு?"

"காருக்கு."

"அது தெரியுதும்மா. வெளிய நிக்கிற வண்டியா, உள்ள நிக்கிறதா?"

"வெளிய. மரத்தடி."

"வெயில், மழை, தூசி. இதுல எதுக்குப் பயப்படுறீங்க?"

எல்லாவற்றுக்கும் என்று சொல்ல நினைத்தேன். காரைத் தவிர்த்துக் கேட்டிருந்தாலும் அதுதான் என் பதில். அதற்குள் இன்னொருவர் வந்து மிதியடி கேட்டார். கடைக்காரர் என்னையும் அவரையும் பார்த்தார். கத்தரியை எடுத்தார். ஐந்து சுருள்களிலிருந்து உள்ளங்கை அளவில் ஐந்து துண்டுகள் வெட்டி என் கையில் வைத்தார். "வீட்ல காட்டுங்க. எது புடிக்குதோ வந்து சொல்லுங்க."

என்னை அனுப்பிவைப்பதற்காகக் கொடுத்தார். நான் அவற்றுக்கு எண் போட்டேன்.

மாதிரி ஒன்று, வெள்ளிப் பூச்சு அடித்த மெல்லிய துணி. இரண்டு, வெறும் பிளாஸ்டிக். மூன்று, தார்ப்பாய் மாதிரி முரடு. நான்கு, மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு, உள்ளே பஞ்சு மாதிரி மெத்தை. ஐந்து, முகக்கவசத் துணியை மூன்றடுக்காக ஒட்டியது போல ஒன்று.

டம்ளர் வாயில் துண்டுகளைக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். வெந்நீர்க் கோப்பைகளை மூடி ஆவி வெளியே வருகிறதா என்று பார்த்தேன். மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டுக் காயவிட்டேன். நோட்டில் கட்டம் போட்டேன். சமையலறையில் ஐந்து டம்ளர்கள் காணாமல் போயின.

"ஏன்டி, காரை வாங்கறதுக்கே உங்கப்பா இவ்ளோ யோசிக்கலையே" என்றாள் அம்மா.

"கோர்ட்ல கேஸ் இதைவிட சீக்கிரம் முடியும்மா" என்றாள் தங்கை.

கட்டத்தில் ஒரு பத்திதான் காலியாக இருந்தது. காற்றில் கவர் ஆடும்போது பெயின்டில் கீறல் விழுமா? எங்கள் கூடத்து இயந்திரம் துணி எவ்வளவு தேய்கிறது என்றுதான் சொல்லும். துணி படும் பொருளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பெயின்ட் அடித்த பழைய தகரம் ஏதாவது எடுத்துப் பார்த்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. ஆனால் வேறு பெயின்டில் கிடைக்கும் முடிவு இந்தப் பெயின்டுக்குப் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. பட்டம் வாங்கினால் மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் இது. அம்மாவுக்கு வந்திருக்காது.

ஞாயிறு காலை ஏழு மணி. அப்பா நடைக்குப் போயிருந்தார். தங்கை தூக்கம். பக்கெட் அண்ணனுக்கு விடுமுறை. எங்கள் குடியிருப்பில் பதினோரு கார்களைத் தினமும் துடைப்பவர் அவர். இரண்டு கையிலும் பக்கெட் இல்லாமல் நாங்கள் அவரைப் பார்த்ததில்லை.

பேப்பர் டேப்பால் பானட்டில் ஆறு சதுரங்கள் பிரித்தேன். மேல் வரிசையில் மூன்று, கீழே மூன்று. காற்று வீசும் நிலைமை வேண்டுமே என்று, தெருவோர மண்ணில் ஒரு பிடி எடுத்து டீ வடிகட்டியால் சீராகத் தூவினேன். அப்பாவின் கார் மேல் மண்ணைச் சலித்துத் தூவினேன் என்பதை இப்போது எழுதும்போதும் ஒருமுறை நிறுத்திப் படித்துப் பார்க்கிறேன். பிறகு மாதிரி ஒன்றை வைத்து, மேலே அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்து, முன்னும் பின்னும் தேய்த்தேன். ஒரு மாதிரிக்கு இருநூறு. எண்ணிக்கொண்டே தேய்த்தேன். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை சந்தேகமாகி, அந்த மாதிரியை மட்டும் வேறு மூலையில் தொடங்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, நினைவு வந்துவிட்டது. ஆறாவது சதுரத்தைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

தோள் வலித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டேப்பை உரித்து, மண்ணை ஊதி, ஈரத் துணியால் ஒற்றினேன். ஐந்து சதுரங்களிலும் முகம் தெரியவில்லை. பால் சிந்திக் காய்ந்த மாதிரி மங்கல். ஆறாவதில் மட்டும் என் முகம் பளிச்சென்று இருந்தது. மாதிரி நான்கு மற்றவற்றைவிடக் குறைவாகக் கெடுத்திருந்தது. அதை நோட்டில் குறித்தேன். குறித்து முடித்த பிறகுதான் அது அப்பாவின் கார் என்பது உறைத்தது.

பிறகு என்ன செய்தேன் என்றால், மீதி மண்ணை மறுபடி வடிகட்டியில் போட்டு, பானட் முழுக்கத் தூவினேன். அதையும் சீராகத்தான்.

திங்கட்கிழமை காலை பக்கெட் அண்ணன் வந்தார். வழக்கம்போல மண்ணை முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். துணியை நாலாக மடித்துத் துடைத்தார். வெயில் வந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"என்னப்பா இது?"

"அதான் சார் நானும் பாக்கறேன். துடைச்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"நேத்து இல்லையே. முந்தாநாள் நீதானே துடைச்சே?"

"ஆமா சார். அப்போ இல்ல."

"அப்ப இன்னைக்குத்தானே வந்திருக்கு?"

பக்கெட் அண்ணன் தன் கையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சாப்பாட்டுப் பையோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எங்கள் வீட்டுக்குள் அவருக்குப் பெயர் மைக். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தோடு ஒரு கம்பெனியைக் கார் கழுவக் கொண்டுவர வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"துணியைக் குடுங்க" என்றார் மைக். வாங்கி நாலாக மடித்தார். இன்னொரு முறை மடித்தார். ஒரு சதுரத்தின் மேல் வைத்தார். ஓரத்தோடு ஓரம் பொருந்தியது.

"பாருங்க! அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

அளவெடுத்துத்தான் வைத்தது. அளவெடுத்தவர் பக்கெட் அண்ணன் அல்ல.

"பூனை கீனை படுத்திருக்கப் போகுது அங்கிள்" என்று பால்கனியிலிருந்து தங்கை சொன்னாள்.

"பூனை என்னம்மா, வரிசை கட்டியா படுக்கும்? துணியில மண்ணு ஒட்டியிருந்திருக்கு. இவரு அலசாம அழுத்தித் துடைச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுவோம். சார், நீங்க எழுத்துல ஒரு புகார் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ எழுது. உனக்குத்தான் கோர்வையா வரும்."

எழுதினேன். பானட்டின் மேற்பரப்பில் உள்ளங்கை அளவில் ஐந்து மங்கலான சதுரங்கள் காணப்படுகின்றன. அப்பா படித்தார்.

"யாரு பண்ணாங்கன்னு வரலையே?"

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாக்கல."

"அப்ப எழுதக் கூடாதுப்பா."

"சரி. சந்தேகப்படுறோம்னு எழுது."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்று இன்னும் நன்றாக இருந்தது. அப்பா கையொப்பம் போட்டுவிட்டு, தாளை மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஆறு வருஷமா இங்க துடைக்கிறான். ஒரு வண்டியிலயும் ஒரு குறை வந்ததில்ல. நம்ம நேரம் பாரு" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அப்பா கத்துகிற ஆளும் இல்லை. எழுந்து போய்ப் பேனாவை மூடி அதன் இடத்தில் வைத்தேன்.

புதன்கிழமை மாலை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சீட் கவர் கடைக்குப் போனார். என் முடிவு எழுதின தாள் என் கையில் இருந்தது. கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்கம்மா. எது புடிச்சிருக்கு?"

"நான்கு" என்றேன். உடனே, "நாலு" என்றேன். அவருக்கு இரண்டும் புரியவில்லை. அந்த எண்ணைப் போட்டது நான். துண்டை எடுத்துக் காட்டினேன்.

"உள்ள பஞ்சு வச்சதா? சரியான ஆளுதான். பிளாஸ்டிக் போட்டா உள்ள வேர்த்து, பெயின்டு கொப்புளிச்சிரும். ஆனா ஒண்ணு சார், எந்தக் கவரா இருந்தாலும் வண்டியைக் கழுவிட்டுத்தான் போடணும். தூசியோட போட்டா, கவர் காத்துல ஆட ஆட உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிரும். துணி எதுவும் பண்ணாது. மண்ணுதான் பண்ணும்."

நான் ஆயிரம் முறை தேய்த்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரு வாய் டீக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லி முடித்தார்.

"தேய்ச்சே விட்டாங்க" என்றார் அப்பா. "வண்டி துடைக்கிறவன்."

"எவ்ளோ தேய்ச்சாரு?"

"அஞ்சு இடம். சதுரம் சதுரமா."

கடைக்காரர் டீயைக் கீழே வைத்தார். "துடைக்கிறவன் கை வட்டமால்ல சார் போகும்? சதுரமா எவன் துடைப்பான்?"

"அதான் தெரியல."

"என்னமோ போங்க. சனிக்கிழமை கவர் வந்துரும்" என்றார். நான் கதவோரம் தொங்கிய மிதியடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு.

வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பக்கெட் அண்ணன் என்னை நிறுத்தினார். அன்று கையில் பக்கெட் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

"ஏம்மா, நீங்க துணி டெஸ்ட் பண்ற எடத்துலதான வேல பாக்குறீங்க?"

"ஆமாண்ணே."

"இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா." பையைத் திறந்தார். நாலாக மடித்த அவர் துணி. துவைத்து, காயவைத்து, ஓரம் பிசகாமல் மடித்திருந்தார். "நான் மூணு நாளா என் சைக்கிள் மட்காட்ல தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கறேன். ஒண்ணும் ஆகல. ஆனா என் சைக்கிளைக் கூட்டத்துல யாரு நம்புவா?"

நான் தலையாட்டினேன்.

"பதினோரு வண்டிதாம்மா எனக்கு. இங்கேர்ந்து அனுப்புனாங்கன்னா பக்கத்து பில்டிங்லயும் விடமாட்டாங்க. பெயின்டைச் சுரண்டினவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்த வண்டியில கை வைக்க முடியும்? உங்கப்பா மேல எனக்குக் கோவமில்ல. என் வண்டியா இருந்தா நானும்தான் கேப்பேன்."

"அண்ணே" என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"அது... இது துவைச்ச துணிதானே?"

"ரெண்டு தடவ."

"சரிண்ணே" என்று பையை வாங்கிக்கொண்டேன். பஸ் வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குப் பஸ் ரொம்பச் சரியான நேரத்துக்கு வந்தது.

பஸ்ஸில் ஒரு யோசனை பிறந்தது. கோழைகளுக்கு யோசனைக்குப் பஞ்சமே வராது. நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் துணி குற்றமற்றது என்று காட்டினால் போதும். அண்ணன் தப்பித்துவிடுவார். யார் செய்தது என்ற கேள்வி மிஞ்சும், மிஞ்சட்டும். உலகத்தில் பல கேள்விகள் அப்படித்தான் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூடத்தின் பொறுப்பாளர் மேடத்திடம் அனுமதி கேட்டேன். "சொந்த வேலையா? தாராளமா" என்றார். பெயின்ட் அடித்த பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். ஐந்து நாள் முன்பு வந்திருக்க வேண்டிய மூடி அது. அண்ணனின் துணியை நனைத்து, இயந்திரத்தில் பூட்டி, மூடியின் மேல் ஆயிரம் தடவை ஓடவிட்டேன். ஒரு கோடும் விழவில்லை. அவர் மாதிரி நாலாக மடித்தும் ஓட்டினேன். மூடியில் என் முகம் அப்படியே இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

அறிக்கையை வெறும் தாளில் கையால் எழுதினேன். நோக்கம், முறை, முடிவு. எழுத எழுத ஒரு நிம்மதி. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன், அது தானாகவே வந்தது: பானட்டில் காணப்படும் அளவு மங்கல் உண்டாக, உலர்ந்த துணி, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மண், மேலே அரைக் கிலோ எடை, ஒரே இடத்தில் இருநூறு தேய்ப்பு தேவை. இதை வழக்கமான துடைப்பில் எட்ட முடியாது.

நல்ல வரி என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

சனிக்கிழமை கவர் வந்தது. அப்பாவும் நானும் போட்டோம். முன்னால் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டினேன். உள்ளே பஞ்சு, வெளியே சாம்பல் நிறம், பக்கக் கண்ணாடிகளுக்குத் தனிக் காது. சதுரங்கள் மறைந்தன. என்னையும் உள்ளே விட்டுப் பட்டையை மாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல கவர்தான்" என்று அப்பா தட்டிப் பார்த்தார். "நீ தேடினது வீண்போகல."

ஞாயிறு பத்து மணிக்குக் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மைக் கவரைப் பாதி உருவிப் பானட்டைக் காட்டினார். அப்பாவின் புகாரைப் படித்தார். நான் எழுதிய வாக்கியங்கள் எதிர்க் கட்டடத்தில் முட்டித் திரும்பி வந்தன. பக்கெட் அண்ணன் மரத்தின் பக்கம் கைகட்டி நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மைக் அவரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் அறிக்கையை இன்னும் கைப்பைக்குள்தான் வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு நான் பண்ணல சார்" என்றார். கொஞ்சம் நின்று, "எனக்குத் தெரியாமப் பண்ணியிருந்தாலும் பண்ணியிருப்பேன். இத்தனை பேரு சொல்றீங்க. அன்னைக்கு அந்த வண்டியைத் தொட்டது நான்தானே. என் கைதான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கும்" என்றார்.

"ஒத்துக்கிட்டாரு" என்றார் மைக். "அப்ப முடிச்சுருவோமா?"

நான் தாளை நீட்டினேன். பேசவில்லை, நீட்ட மட்டும் செய்தேன். அது மைக்கின் சட்டைப் பொத்தானில் போய் இடித்தது.

"என்னம்மா இது?"

"அவ துணி டெஸ்ட் பண்ணியிருக்கா அங்கிள்" என்று தங்கை முன்னால் வந்தாள். பக்கெட் அண்ணனின் பை என் கையில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். மீதியை அவளாகவே ஊகித்துக்கொண்டாள். "சத்தமாப் படிங்க."

அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. நோக்கம், முறை, முடிவு எல்லாம் மாடி வரை போயின. ஆயிரம் தேய்ப்பு, ஒரு கோடும் இல்லை. நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு சுருக்கம் தளர்ந்தது. பக்கெட் அண்ணன் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். அந்த ஐந்து விநாடிகள் நான் மிகவும் கெட்டிக்காரியாக இருந்தேன்.

மைக் கடைசி வரியைப் படித்தார். "ஒரே இடத்தில் இருநூறு தேய்ப்பு தேவை." தாளை இறக்கினார். "லேப்ல துணி சுத்தமா இருந்திருக்கும்மா. இங்க எப்படி இருந்துச்சோ? இந்த இருநூறு, அரைக் கிலோ எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அக்கா அப்படியெல்லாம் சும்மா எழுதமாட்டா" என்றாள் தங்கை. என் பக்கம் திரும்பினாள். உண்மையிலேயே எனக்காகப் பேசினாள், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "அக்கா, நீயே சொல்லு. அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க. எப்படித் தெரியும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கவரின் ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க, பாவம், பயப்படுது" என்றார் மைக், அன்பாகவே. அவருக்குக்கூட அன்பு உண்டு. "தோராயமாப் போட்டிருக்கும். என்னம்மா, தோராயமாத்தானே?"

தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. ஒரு தலையசைப்பு போதும். அதில் நான் தேர்ந்தவள். வாழ்நாளில் பேசியதைவிடத் தலையாட்டியது அதிகம். ஏழு நாள் ஒரு மனிதரின் வேலையை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அது என்னை அசைக்கவில்லை. என் எண்ணைத் தோராயம் என்றது அசைத்தது. நான் எப்படிப்பட்ட பெண் என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

"தோராயம் இல்ல அங்கிள்" என்றேன்.

"சத்தமாம்மா. கேக்கல."

பக்கெட் அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். நான் பானட்டைப் பார்த்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தேன்.

"தோராயம் இல்ல. எண்ணினேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் இருநூறு. அண்ணன் ஒண்ணும் பண்ணலப்பா. மண்ணைத் தூவி, உப்புப் பாக்கெட்டை வச்சு, நம்ம காரைத் தேய்ச்சது நான்தான்."